அந்த ஹார்டு டிஸ்க்கை நான் செருகியிருக்கக் கூடாது

கும்பகோணத்தில் வீட்டு முன்னறையிலேயே டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட வினாத்தாள் என்று 17 வருஷமாக இதுதான் பிழைப்பு. 2022 ஆவணியில் ஒரே ராத்திரியில் என் கம்ப்யூட்டரில் இருந்த கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. ரேன்சம்வேர் என்பார்கள், கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். அந்த வைரஸ் அழித்ததைவிட, அதற்குப் பிந்தைய நாட்களில் பதற்றத்திலும் வெட்கத்திலும் நான் செய்த காரியங்கள் அழித்தது அதிகம். அன்று ராத்திரி யாராவது ஒருத்தர் பக்கத்தில் நின்று, "எதையும் தொடாதே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்" என்று சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். எனக்கு அப்படி யாரும் இல்லை. உங்களுக்கு இந்த எழுத்தாவது இருக்கட்டும்.

முகூர்த்த நாட்கள் நெருங்கிவிட்டதால் அந்த வாரம் கையில் 11 பத்திரிகை வேலை. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு பெண் வீட்டார் பென்டிரைவில் டிசைன் கொண்டுவந்து கொடுத்தார்கள். சென்னையில் அவர்கள் சொந்தக்காரப் பையன் போட்டது. என்னிடம் இருந்த மென்பொருள் பழைய பதிப்பு, அந்தக் கோப்பு திறக்கவே இல்லை. காலையில் புரூஃப் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புதிய பதிப்புக்கு வருஷச் சந்தா கட்ட வேண்டும் என்றால் என் ஒரு மாத வருமானம் பத்தாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதுவரை நான் வைத்திருந்ததும் காசு கொடுத்து வாங்கியது கிடையாது. சர்வீஸுக்கு வருகிறவரே 'கிராக்' பண்ணியதை, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த பிரதியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் பக்கம் நிறையக் கடைகளில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது தப்பு என்று எனக்குத் தெரியும். அதில் ஆபத்தும் இருக்கிறது என்பதுதான் தோன்றவில்லை. நெட்டில் தேடி, மூன்றாவதோ நாலாவதோ வந்த தளத்தில் இருந்து இறக்கினேன்.

இறங்கியது ஒரு ஜிப் கோப்பு. திறக்கக் கடவுச்சொல் 1234. அதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். யாரிடமிருந்து மறைக்க அந்தக் கடவுச்சொல் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அது ஆன்டிவைரஸிடமிருந்து மறைக்க. ஜிப்புக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டால் உள்ளே இருப்பதை ஆன்டிவைரஸால் பிரித்துப் பார்க்க முடியாது. கூடவே ஒரு குறிப்பு: 'ஆன்டிவைரஸ் தவறாக எச்சரிக்கும், நிறுவும் முன் அணைத்துவிடுங்கள்.' விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டர் இரண்டு தடவை தடுத்துப் பார்த்தது. இரண்டு தடவையும் நான்தான் அதை மீறினேன். டபுள் கிளிக் செய்தேன். ஒன்றும் வரவில்லை. வழக்கமாக ஒரு பெட்டி வந்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போகுமே, அது எதுவுமே இல்லை. கோப்பு கெட்டுப்போயிருக்கிறது போல என்று நினைத்து இன்னும் இரண்டு தடவை கிளிக் செய்தேன். "ஏம்மா, சாப்பிட்டுட்டு வந்து பாரேன்" என்று வீட்டுக்காரர் கூப்பிட்டார். கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன். சிபியூ முகப்பில் ஹார்டு டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு மினுக்காமல், அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனேன். கடவுச்சொல் போட்ட ஜிப், ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் குறிப்பு, கிளிக் செய்தும் எதுவும் வராதது. இவை ஒன்றாக வந்தால் அந்த நிமிஷமே நெட்டைத் துண்டித்து, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். பூட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும்போது அணைத்தால் இன்னும் பூட்டப்படாத கோப்புகளாவது மிஞ்சும்.

திரும்பி வந்தபோது மணி பதினொன்று. டெஸ்க்டாப்பில் இருந்த படங்கள் எல்லாம் வெறும் வெள்ளைத் தாளாகத் தெரிந்தன. கோப்புகளின் பெயர் அப்படியே இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத நாலு எழுத்து வால். எதைத் திறந்தாலும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பு கிடந்தது. கவலைப்பட வேண்டாம், உங்கள் கோப்புகளைத் திரும்பப் பெறலாம் என்று ஆரம்பிக்கிறது. விலை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490 டாலர். நம்பிக்கைக்காக ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுவார்களாம். 490 டாலர் என்றால் அன்றைக்கு ஏறத்தாழ 39,000 ரூபாய். எனக்குக் கை கால் எல்லாம் வெலவெலத்துப் போனது. வாசலைப் பூட்டிவிட்டுத் தூங்குகிற வீட்டுக்குள் யாரோ நின்று பேரம் பேசுகிற மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் என்னிடம் ஒரு நல்ல விஷயம் இருந்தது. மார்ச் மாதம் வரையிலான எல்லா வேலையும், வீட்டுப் புகைப்படங்களும், வீடியோக்களும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். அதில் ஒரு கோப்பைக்கூட வைரஸ் தொடவில்லை, தொடவும் முடியாது. அதையாவது பார்த்து மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்று பீரோவைத் திறந்து எடுத்து வந்தேன். எடுத்து வந்து அதே கம்ப்யூட்டரில் செருகினேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'அம்மா அப்பா அறுபதாம் கல்யாணம்' என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு பெயருக்கும் வால் முளைத்தது. கேபிளைப் பிடுங்கத் தோன்றுவதற்கே நேரமானது. பிடுங்கியபோது முக்கால்வாசி போய்விட்டது. இந்த வகை வைரஸ் முதல் தடவை பூட்டி முடித்ததும் ஓய்ந்துவிடுவதில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் தன்னைப் பதிந்துவைத்து, சில நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்த்துப் பூட்டும். ஆகவே கோப்புகள் பூட்டிவிட்டன என்று தெரிந்தால் அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் செருகாதீர்கள். பென்டிரைவ், ஹார்டு டிஸ்க், கேமரா கார்டு, போன், எதுவுமே வேண்டாம். உங்கள் பேக்கப் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் பாருங்கள், அதுவும் மறுநாள் நிதானமாகப் பாருங்கள். பீரோவில் இருக்கும்வரை அது பத்திரம்தான்.

அன்று ராத்திரி தூக்கம் இல்லை. விடிய விடியப் போனில் தேடினேன். 'என் கோப்புகளும் இப்படித்தான் போனது, இவர் மீட்டுக்கொடுத்தார்' என்று வீடியோக்களுக்குக் கீழே கருத்து போட்டிருந்தார்கள்; ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கின் பெயரும் இருந்தது. செய்தி அனுப்பினேன். உடனே பதில். அன்பாகப் பேசினார்கள். பூட்டிய கோப்பு ஒன்றை அனுப்பச் சொன்னார்கள், பிறகு 'மென்பொருள் கட்டணம்' என்று 4,500 ரூபாய் யுபிஐயில் கேட்டார்கள். அனுப்பினேன். அடுத்து 7,000 கேட்டபோதுதான் உறைத்தது. இல்லை என்றதும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. உடனே கூப்பிட்டால், பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. நான் கூப்பிட்டது ஆறாவது நாள். ஏன் அவ்வளவு நாள் என்றால், கிராக் மென்பொருள் இறக்கியதைப் போலீஸிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிந்து எண் வாங்கினேன், பணம் வரவில்லை. அப்படிக் கருத்து போடுகிறவர்களும் பணம் கேட்கிறவர்களும் ஒரே கூட்டம்தான். கருத்துப் பெட்டியில் ஒரு தனி ஆளின் கணக்கைக் காட்டி 'இவர் மீட்டுத் தருவார்' என்று எழுதியிருந்தால், அது எத்தனை பேர் எழுதியதாக இருந்தாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மூன்றாம் நாள் திருச்சிக்கு பஸ் ஏறினேன். டேட்டா ரெக்கவரி என்று பெரிய பலகை வைத்த ஒரு கடை. 22,000 ஆகும், 6,000 முன்பணம் என்றார்கள். "நூறு சதவீதம் எடுத்துடலாம் மேடம்" என்றார் அங்கிருந்த பையன். எந்த வகை வைரஸ், எப்படி எடுப்பீர்கள் என்று ஒரு கேள்விகூட எனக்குக் கேட்கத் தெரியவில்லை. சிபியூவை விட்டுவிட்டு வந்தேன். எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்துப் போயிருந்தேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்துத் தடுத்தார்: "ரெண்டையும் ஒரே எடத்துல குடுக்க வேணாம். முதல்ல இத எடுத்துக் குடுக்கட்டும், பார்ப்போம்." கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர். இன்றைக்கு என்னிடம் மிச்சம் இருப்பதெல்லாம் அந்த ஒரு சொல்லால் மிஞ்சியது.

12 நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்து, புதிதாக விண்டோஸ் போட்டு, பெயர் தெரியாத சில ஆயிரம் துண்டுக் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தார்கள். பெரும்பாலானவை எப்போதோ பார்த்த இணையப் பக்கங்களின் சின்னச் சின்னப் படங்கள். என்னுடைய ஒரு பத்திரிகைகூட அதில் இல்லை. பூட்டிய கோப்புகளும் இல்லை. 6,000 திரும்ப வரவில்லை. மார்ச்சுக்குப் பிறகு நான் செய்த வேலை அத்தனையும் அங்கேயே முடிந்தது. ரேன்சம்வேர் என்று சொல்லி ஒரு கடைக்குப் போனால் முதலில் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: அசல் டிஸ்க்கில் கை வைக்க மாட்டோம், முழு நகல் எடுத்து அதில்தான் வேலை செய்வோம் என்று. நூறு சதவீதம் என்று சொல்லும் கடையில் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். பூட்டிய கோப்பு குப்பை அல்ல. இன்றைக்குத் திறக்காத பூட்டுக்கு என்றைக்காவது சாவி வரலாம்.

இதற்கிடையில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 11 பத்திரிகையில் நாலு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், முன்பணம் 14,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வீட்டுப் பெரியவர், "நல்ல காரியத்துக்குக் குடுத்த வேலைய இப்படிப் பண்ணிட்டியேம்மா" என்றார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதற்கு எனக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. மீதி ஏழையும் வீட்டுக்காரர் அலுவலகத்தில் இருந்து வாங்கி வந்த பழைய லேப்டாப்பில் முதலில் இருந்து தட்டி முடித்தேன்.

கோயம்புத்தூரில் என் அக்கா மகன் இருக்கிறான். கம்ப்யூட்டர் துறையில்தான் வேலை. முதல் நாளே அவனுக்குப் போன் போட்டிருக்கலாம். "என்ன சித்தி, கிராக்கா இறக்குனீங்க?" என்று கேட்டுவிடுவானோ என்ற ஒரே வெட்கத்தில் சொல்லவில்லை. ஆயுத பூஜைக்கு வந்தவன் சாமி முன்னால் கம்ப்யூட்டர் இல்லாததைப் பார்த்துக் கேட்டான். அழுதுகொண்டே சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "பூட்டுன ஃபைல் எங்கயாச்சும் இருக்கா சித்தி? அத மட்டும் ஃபார்மட் பண்ணிடலையே?" எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் காட்டினேன். அவனுடைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இருந்தது. விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் அதில் ஓடாது என்று சொல்லி அதில்தான் செருகினான்.

அடுத்த அரை மணி நேரத்தில் அவன் செய்ததை நான் முதல் நாளே இலவசமாகச் செய்திருக்கலாம். 'ஐடி ரேன்சம்வேர்' என்று ஒரு தளம், மைக்கேல் கில்லெஸ்பி என்ற அமெரிக்க ஆய்வாளர் நடத்துவது. மிரட்டல் கடிதத்தையும் பூட்டிய கோப்பு ஒன்றையும் அதில் ஏற்றினால் இது எந்த வகை வைரஸ், சாவி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். என்னைப் பிடித்தது ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் சொல்லப்படும் வகை. கிராக் மென்பொருள் வழியாகச் சாதாரண வீட்டு ஆட்களைத்தான் இது குறிவைக்கும். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016ல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' என்ற தளமும் இருக்கிறது. பல வகை வைரஸ்களுக்குச் சாவி அங்கே சும்மா கிடைக்கிறது. ஸ்டாப் வகைக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் கில்லெஸ்பியோடு சேர்ந்து 2019 அக்டோபரில் ஒரு கருவியை வெளியிட்டது. அப்போது தெரிந்திருந்த 160 வகையில் 148ஐ அது திறந்தது. ஆனால் 2019 ஆகஸ்டு கடைசியில் இருந்தே குற்றவாளிகள் பூட்டும் முறையை மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

மாற்றிய பிறகு இரண்டு விதம் உண்டு. வைரஸ் ஓடும்போது அது தன் சர்வரைத் தொடர்புகொண்டால், உங்களுக்கென்று தனியாக ஒரு சாவி அங்கே உருவாகும். அது அவர்களிடம் மட்டும்தான் இருக்கும். தொடர்புகொள்ள முடியாமல் போனால் வைரஸிலேயே இருக்கும் பொதுச் சாவியால் பூட்டும். பொதுச் சாவி என்றைக்காவது வெளியே வரலாம், வந்தால் அந்தச் சாவியால் பூட்டப்பட்ட எல்லாருக்கும் கோப்பு திறக்கும். எது என்று தெரிந்துகொள்ள, கடிதத்தின் அடியில் இருக்கும் அடையாள எண்ணின் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் t1 என்று முடிந்தால் பொதுச் சாவி. என்னுடையது அப்படி முடியவில்லை. கருவியை ஓட்டியதும், இது ஆன்லைன் சாவி, திறக்க முடியாது என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்காக ஒன்றரை மாசம் அலைந்திருக்கிறேன். ஆனாலும் உண்மை தெரிந்ததில் மனசு கொஞ்சம் நின்றது.

அப்புறம்தான் அவன் இன்னொன்றைச் சொன்னான். வேகமாக வேலையை முடிக்க வேண்டும் என்பதால் இந்த வைரஸ் பெரிய கோப்பை முழுசாகப் பூட்டுவதில்லை. ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும். தலை போய்விடும், உடம்பு அப்படியே இருக்கும். பத்திரிகை டிசைன் கோப்பு தலை இல்லாமல் திறக்காது, அதனால் அவை போனது போனதுதான். 700 எம்பி வீடியோவில் 150 கேபி என்பது தூசு. டிஸ்க்டூனா என்ற தளம் வெளியிட்ட 'மீடியா ரிப்பேர்' என்ற இலவசக் கருவியில், அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் காட்டினால் தலையைப் புதிதாகக் கட்டிக்கொடுக்கிறது. நல்ல வேளையாக அந்தக் கேமராவும் அதன் கார்டும் வீட்டில் இருந்தன. அம்மா அப்பா அறுபதாம் கல்யாண வீடியோ திரும்ப வந்தது. ஆரம்பத்தில் சில விநாடி இல்லை. கலச நீர் ஊற்றுவதில் இருந்து எல்லாம் இருக்கிறது. ஜிப் கோப்புகளிலும் முதலில் இருக்கும் ஒன்றிரண்டு போனாலும் மற்றவற்றை 7-ஜிப் என்ற மென்பொருள் மூலம் பிரித்தெடுக்க முடிந்தது. பழைய வினாத்தாள்களை வருஷா வருஷம் ஜிப் செய்து வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது, அதனால் அவை தப்பின.

புகைப்படங்களின் கதை வேறு. ஒரு படம் மேலிருந்து கீழாகத்தான் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். தலை போனால் படத்தின் மேல் பகுதி போகும். சமீபத்தில் போனில் எடுத்த நாலு எம்பி படங்களில் மேலே ஒரு சின்னப் பட்டைதான் போனது. கூரை, பந்தல், வானம். முகங்கள் இருக்கின்றன. 2009ல் என் மகனுக்குக் காது குத்தியபோது பழைய கேமராவில் எடுத்தவை ஒவ்வொன்றும் 300 கேபிதான். அவற்றில் பாதிப் படம் இல்லை. தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். தம்பியின் பட்டு வேட்டி தெரிகிறது, பிள்ளையின் கொலுசுக் கால் தெரிகிறது, சீர்த்தட்டில் இருக்கும் வாழைப்பழச் சீப்பு தெரிகிறது. பின்னால் குனிந்து நின்ற என் அம்மாவின் வளையல் போட்ட கை மட்டும் தெரிகிறது. முகம் யாருக்கும் இல்லை. அம்மா 2014ல் போய்விட்டார்கள்.

தொழில் கோப்புகள் நான் எதிர்பார்க்காத இடங்களில் இருந்து வந்தன. சிவகாசியில் நான் வழக்கமாக ஆஃப்செட்டுக்கு அனுப்பும் அச்சக அண்ணாச்சியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எதுக்கும்மா அழுறீங்க, நீங்க அனுப்புன பிடிஎஃப்பு பூராம் இங்கனதான கெடக்கு. ஆள் அனுப்புங்க, போட்டுத் தாரேன்" என்றார். ஏழு வருஷப் பத்திரிகைகள்! என் மெயிலின் 'சென்ட்' பெட்டியில் இருந்து நானூறுக்கு மேல் எடுத்தேன். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய புரூஃப்களைக் கேட்டு வாங்கினேன். மாதிரிப் பத்திரிகை ஆல்பத்தில் இருந்த அச்சுப் பிரதிகளை ஸ்கேன் செய்தேன். கோப்பு போய்விட்டது என்றால் முதலில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: இதை யார் யாருக்கு அனுப்பினேன்? பரணில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா? பழைய போன் அலமாரியில் கிடக்கிறதா? திருச்சிக்குப் போகும் முன் நான் செய்திருக்க வேண்டிய வேலை இது.

கூகுள் டிரைவ் விஷயம் இன்னும் வலிக்கிறது. ஒரு ஃபோல்டரை டிரைவோடு இணைத்து வைத்திருந்தேன். பூட்டிய கோப்புகள் தானாகவே அங்கும் ஏறிவிட்டன, அதனால் அதுவும் போச்சு என்று முதல் நாளே கைவிட்டேன். ஆனால் டிரைவ் மாறிய கோப்பின் பழைய பதிப்பையும் அழிந்த கோப்பையும் 30 நாள் வரை வைத்திருக்கும். அக்கா மகன் திறந்து பார்த்தது 42ஆம் நாள். தானாக இணைந்துகொள்ளும் டிரைவைப் பேக்கப் என்று நம்பி இருக்காதீர்கள். இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். ஆனால் கெட்ட பிறகு முதல் வாரத்துக்குள் வேறொரு கம்ப்யூட்டரில் இருந்தோ போனில் இருந்தோ அதன் குப்பைத்தொட்டியையும் பழைய பதிப்புகளையும் கட்டாயம் பாருங்கள்.

பலரும் சொல்லாத இன்னொரு ஆபத்து கடவுச்சொல். இந்த வகை வைரஸ் பல சமயம் தனியாக வருவதில்லை, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வரும். இரண்டாவது வாரம் என் கடையின் முகநூல் பக்கத்தில் நான் போடாத விளம்பரங்கள் வந்தன. வாடிக்கையாளர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். நல்ல காலம், வங்கிக் கடவுச்சொல்லை நான் பிரவுசரில் சேமித்ததில்லை. மாட்டிக்கொண்டால் அன்றைக்கே, அந்தக் கம்ப்யூட்டரில் அல்லாமல் போனில் இருந்து, மெயில் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். மெயில் அவர்கள் கையில் இருந்தால் மற்றதை எல்லாம் அதை வைத்தே திறந்துவிடுவார்கள். 'எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். பிறகு வங்கி, பிறகு முகநூல்.

கணக்குப் பார்த்தால் 4,500, 6,000, 14,000 என்று கையை விட்டுப் போனது 24,500 ரூபாய். புதிய ஹார்டு டிஸ்க் இரண்டு 8,600. இவ்வளவுக்குப் பிறகும் பணம் கட்டாமல் இருந்தது சரிதான் என்று நினைக்கிறேன். கட்டியிருந்தால் சாவி வந்திருக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்தக் காசில் அடுத்த வைரஸைத்தான் எழுதியிருப்பார்கள்.

இப்போது இரண்டு டிஸ்க். ஒன்று சனிக்கிழமை ராத்திரி மட்டும் செருகி, நகல் எடுத்ததும் பிடுங்கி பீரோவுக்குப் போகும். இன்னொன்று அக்கா வீட்டில் இருக்கும், மாசம் ஒரு தடவை மாற்றிக்கொள்வோம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே கம்ப்யூட்டரில் ஒருநாளும் செருகப்படாது. நகல் எடுத்தால் மட்டும் போதாது என்று அக்கா மகன் சொன்னதால், மாசா மாசம் ஏதாவது மூன்று கோப்பை லேப்டாப்பில் திறந்தும் பார்க்கிறேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரேன்சம்வேர் புரொடெக்ஷன் என்ற பகுதிக்குள் 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று இருக்கிறது. 2017 முதல் விண்டோஸ் 10ல் உண்டு, ஆனால் நாமாக இயக்கினால்தான் வேலை செய்யும். நம் ஃபோல்டர்களில் அறிமுகம் இல்லாத நிரல் கை வைத்தால் தடுத்துவிடும். முதல் சில நாள் நாம் பயன்படுத்தும் மென்பொருளையே தடுத்துத் தொந்தரவு செய்யும். ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்துவிட்டால் அப்புறம் சிக்கல் இல்லை. அன்றாட வேலைக்கு அட்மின் அல்லாத சாதாரணக் கணக்கு வைத்திருக்கிறேன். கோப்பின் முழுப் பெயரும், அதன் வாலும் சேர்ந்து தெரியும்படி அமைப்பையும் மாற்றியாகிவிட்டது.

கிராக்கை விட்டேன். பத்திரிகை வடிவமைப்புக்கு இங்க்ஸ்கேப், படத்துக்கு கிம்ப், பல பக்கம் உள்ள மலர்களுக்கு ஸ்க்ரைபஸ். மூன்றும் இலவசம், சட்டப்படியானவை. பழகக் கை இரண்டு மாசம் முரண்டு பிடித்தது. இங்க்ஸ்கேப்பில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வருகிறது. யாராவது புதிய பதிப்பில் கோப்பு கொண்டுவந்தால், "பிடிஎஃப்பா மாத்தி அனுப்பச் சொல்லுங்க" என்கிறேன். அன்று ராத்திரியும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பையன் ஐந்து நிமிஷத்தில் அனுப்பியிருப்பான்.

போன வாரம் மயிலாடுதுறையில் இருந்து பெரியம்மா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அந்தக் காதணி விழாப் படம் ஒன்றை அப்போதே பிரிண்ட் போட்டு அவர்கள் கூடத்தில் கண்ணாடி ஃபிரேமில் மாட்டியிருக்கிறார்களாம். போனில் எடுத்ததில் டியூப் லைட் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, சரியாக அம்மா முகத்தின் மேல் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை போகிறேன். ஃபிரேமைப் பிரித்து வெளியே எடுக்க ஸ்க்ரூ டிரைவரும், ஸ்கேனரும் எடுத்து வைத்துவிட்டேன்.